கிளட்ச் யார் காலால் போனது?

கார் ரிப்பேர் தொழிலில் எனக்குத் தெரிந்து கோளாறுகள் இரண்டே வகைதான்: "நான் ஒண்ணுமே செய்யலை, தானா நின்னுருச்சு" என்று சொல்லிக்கொண்டு வருகிற கோளாறு ஒன்று, "வீட்டுல வேற ஆளு ஓட்டுனாக" என்று சொல்லிக்கொண்டு வருகிற கோளாறு இன்னொன்று.

கிளட்ச் எப்போதும் இரண்டாவது வகை. பிரேக் பிடிக்கவில்லை என்றால் மனிதர்களுக்குப் பயம் வரும். ஏசி ஓடவில்லை என்றால் கோபம் வரும், அதுவும் எங்கள் பக்கத்து வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். கிளட்ச் போனால் மட்டும் பயமும் வராது, கோபமும் வராது. பழி போடுவதற்கு உடனே ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கியர் போட்டு ஓட்டுகிற கார் வைத்துக்கொண்டு என்னைப் போல அல்லாடுகிறவர்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடது காலுக்குக் கீழே இருக்கிற மிதிதான் கிளட்ச். எஞ்சின் சுற்றுகிற வேகத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற இடத்தில் தட்டு மாதிரி ஒரு பிளேட் இருக்கும். காலை முழுக்க எடுத்துவிட்டால் அது ஒட்டிக்கொள்ளும், முழுக்க மிதித்தால் விலகிக்கொள்ளும். பாதி மிதித்துப் பாதி விட்டு வைத்திருந்தால் ஒட்டவும் மாட்டாமல் விலகவும் மாட்டாமல் தேய்ந்து, சூடாகி, கருகி நாறும். அந்தப் பாதி மிதிக்கு 'ஆஃப் கிளட்ச்' என்று பெயர். என் வீட்டில் அடுப்பு எரிந்ததில் பெரும்பங்கு அந்த ஆஃப் கிளட்சுக்கு உண்டு.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் என் ஒர்க்‌ஷாப். தகரக் கொட்டகை. எஞ்சின், கியர் வேலை எனக்கு. வயரிங், பேட்டரி வேலை தங்கராசுக்கு. அவன் என் வயதுக்காரன், ஒரே கொட்டகையில் இருவரும் பிழைக்கிறோம். வேலை குறைவாகவும் பேச்சு அதிகமாகவும் வருகிற ஆள். இருவருமாகப் பார்த்த கார்களில், ஒரே ஒரு காரின் கிளட்ச் கதையை மட்டும் இங்கே சொல்கிறேன்.

சாமி எலுமிச்சம்பழம்

வேலாயுதம் அண்ணாச்சிக்கு டவுனுக்குள் பருத்தி மண்டி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டையில் எப்போதும் நாலு பஞ்சு இழை ஒட்டியிருக்கும். புது வீடு கட்டிக் குடிபோன கையோடு ஒருநாள் காரில் வந்து இறங்கினார். சின்ன வெள்ளைக் கார். ஓட்டிக்கொண்டு வந்தது அவருடைய மருமகள் கவிதா. மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான், மாதத்துக்கு ஒருமுறை வந்து போவான். மருமகளுக்கு எம்.ரெட்டியபட்டியைத் தாண்டி உள்ளே தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. காலையில் மாமனாரை மண்டியில் இறக்கிவிட்டு அப்படியே பள்ளிக்கூடம், சாயங்காலம் அவரை ஏற்றிக்கொண்டு வீடு. இதுதான் அந்தக் காரின் பிழைப்பு.

கியர் விழவில்லை, போட்டால் 'கர்ர்' என்று கத்துகிறது என்றார்கள். நான் கேபிளைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஆயிலைப் பார்த்தேன், அதுவும் சரி. கடைசியில் தலையை உள்ளே விட்டு மிதிக்குப் பின்னால் தடவினால் கையில் உருண்டையாக என்னவோ அகப்பட்டது. எடுத்துப் பார்த்தால் எலுமிச்சம்பழம். வீடு குடிபுகுந்த அன்று வண்டிக்கும் பூசை போட்டிருக்கிறார்கள். சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கியது போக மிஞ்சிய ஒன்றைப் பூசாரி வண்டிக்குள் வைத்திருக்கிறார். அது உருண்டு மிதிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, நம் ஊர் வெயிலில் காய்ந்து கொட்டைப்பாக்கு மாதிரி இறுகிவிட்டது. மிதி தரைவரை போகாமல் அதில் முட்டி நிற்கிறது. பிறகு கியர் எப்படி விழும்?

அண்ணாச்சி அதை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, மறுபடியும் வண்டிக்குள்ளேயே, கண்ணாடிக்கு முன்னால் பத்திரமாக வைத்தார். வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சாமி பழம் தம்பி, அதுனால ஒண்ணும் ஆகாது. ஓட்டுறவ நல்லா அமுக்கி மிதிக்கலை, அதான்."

முதல் பிளேட்

பழத்தை எடுத்த பிறகு கொஞ்ச நாள் கார் வரவில்லை. பிறகு வந்தது. எஞ்சின் உறுமுகிறது, கார் நகர மாட்டேன் என்கிறது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மேல் கியரில் வைத்துக் கிளட்சை விட்டுப் பார்த்தேன். நல்ல கிளட்சாக இருந்தால் எஞ்சின் அந்த நிமிஷமே அணைய வேண்டும். இது அணையாமல் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தால் பிளேட் தேய்ந்து அப்பளமாகி இருந்தது. அதை அழுத்திப் பிடிக்கிற இரும்புத் தட்டில் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

பழசாக வாங்கின கார், முன்னால் வைத்திருந்தவர் எப்படி ஓட்டினாரோ என்று நான் சொல்லிப் பார்த்தேன். அண்ணாச்சி கேட்கவில்லை. பெண்கள் கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுவார்கள் என்று மண்டிக்கு வருகிற லாரி டிரைவர்கள் எல்லாரும் சொல்கிறார்களாம். அவர் அதை முடிந்துபோன வழக்கு மாதிரி சொன்னார். இன்னொரு தடவை கிளட்ச் போனால் மருமகள் கையில் சாவி இருக்காது என்றும் சொன்னார். கவிதா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

சாவி இல்லாவிட்டால் அவருக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கிராமத்துக்குக் காலையில் போகிற பஸ் ஒன்று விடிவதற்குள் போகும், அடுத்தது பள்ளிக்கூட மணி அடித்து நெடுநேரம் கழித்துப் போகும். நடுவில் போக வேண்டுமென்றால் எம்.ரெட்டியபட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ நிரம்புகிறவரை காத்திருந்து, அது விடுகிற இடத்திலிருந்து காட்டு வழியே நடக்க வேண்டும். ஆகவே சாவி போனால் வேலையும் போகும். அவர்கள் போன பிறகு தங்கராசு டெஸ்டரைக் காதில் சொருகிக்கொண்டு சொன்னான்: "ஏலே, கிளட்சு போனா பொம்பளையச் சொல்லுவாக, பேட்டரி போனா மழையச் சொல்லுவாக. மழையே பெய்யாத ஊர்ல பேட்டரி எப்படிப் போகுதுன்னு ஒரு பயலும் கேக்க மாட்டான்."

மாப்பிள்ளை ஊர்வலம்

அடுத்த பிளேட் போனது பள்ளிக்கூடத்து ரோட்டில் இல்லை. மல்லாங்கிணறு ஊருக்குள், நாலு பேர் பார்க்க, மேளதாளத்தோடு போனது. அண்ணாச்சிக்குச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இவர் காருக்குத்தான் பூ ஜோடித்தார்கள். பெருமைக்குரிய வேலை என்பதால் அன்றைக்கு அண்ணாச்சியே ஓட்டினார்.

ஊர்வலம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். முன்னால் பேண்டு செட்டு, அதற்கு முன்னால் ஆடுகிற பையன்கள், அவர்களுக்கு ஆட்டம் பிடித்துப்போனால் ஒரே இடத்தில் கால் மணி நேரம். பின்னால் கார் நடந்து போகிறவனைவிட மெதுவாக, நிற்கவும் கூடாமல் போகவும் கூடாமல், முழுக்க முழுக்க ஆஃப் கிளட்சில் உருண்டுகொண்டே வர வேண்டும். பாதி வழியில் காருக்கு அடியிலிருந்து புகை கிளம்பியது. வெடிப் புகை என்று நினைத்துப் பையன்கள் இன்னும் குஷியாக ஆடியிருக்கிறார்கள். வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் மாப்பிள்ளையே கதவைத் திறந்துகொண்டு இறங்கி மண்டபத்துக்கு நடந்து போனாராம்.

அன்று என்னையும் தங்கராசையும் வரவழைத்துக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பூ ஜோடனையைக்கூடப் பிரிக்கவில்லை. சரி, இந்த முறையாவது மருமகள் தப்பினார் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அதை முகத்தில் காட்டாமல், ஊர்வலத்தில் ஓட்டினால் எந்தக் கிளட்சும் தாங்காது என்று அண்ணாச்சியிடம் பக்குவமாகச் சொன்னேன். அவர் மாலை நாரைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "தெனமும் ஸ்கூலுக்கு ஓட்டி ஓட்டி அவ தேச்சு வச்சிருந்தா. ஒருநா நான் ஓட்டுனேன், பேரு எனக்கு வந்துருச்சு பாத்தீகளா."

பக்கத்து சீட்டில் ஒரு பரீட்சை

ஒரு தொழில்காரனுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. கால் வைத்து ஓட்டுகிறாரா இல்லையா என்று நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். அண்ணாச்சியும் சம்மதித்தார், அவருக்குச் சாட்சி தேவைப்பட்டது. ஒருநாள் காலையில் கவிதாவின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம்வரை போனேன். போகும்போது ரோட்டைப் பார்க்காமல் டீச்சரின் இடது காலையே பார்த்துக்கொண்டு போகிற வேலை. எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது.

கியர் மாற்றும்போது மட்டும் கால் மிதிக்குப் போகும். மாற்றியதும் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓர் இடத்தில் ரோட்டை அடைத்து உளுந்துச் செடியைக் காயப் போட்டிருந்தார்கள், வண்டிகள் ஏறி மிதித்தால் அடிக்கிற வேலை மிச்சம் என்று. டயரைக் கரகரவென்று சுற்ற விடாமல், கியரைக் குறைத்து, காலை எடுத்துவிட்டு, அதன் மேல் அப்படியே ஊர்ந்து போனார். ஆட்டுக்கூட்டம் வந்தபோது நியூட்ரலில் போட்டு நிறுத்தி, கடைசி ஆடு போகிறவரை கிளட்சைத் தொடவே இல்லை. என்னிடம் வருகிற ஆம்பளை டிரைவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்தப் பழக்கம் கிடையாது. எனக்கும் கிடையாது.

இரண்டு பக்கமும் பருத்திக் காடும் வேலிக்கருவையும்தான். ஜன்னல் வழியே காற்று அடித்தது, வண்டி ஒரே சீராகப் போனது. குலுக்கல் இல்லை, வெட்டி இழுப்பு இல்லை. பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்றதுகூட எனக்குத் தெரியாது. கவிதா கைப்பையை எடுத்துக்கொண்டே எழுப்பினார்: "என்னண்ணே, தூங்கிட்டீகளா? காலப் பாக்கணும்னுதான வந்தீக."

மூன்றாவது தடவை

என் சாட்சியத்தை அண்ணாச்சி ஏற்றுக்கொள்ளவில்லை. மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் யாரும் ஒழுங்காகத்தான் ஓட்டுவார்கள் என்றார். அந்தப் பேச்சு ஆறுவதற்குள் மூன்றாவது தடவையாகப் பிளேட் போய்க் கார் வந்து நின்றது. கல்யாணமும் இல்லை, எலுமிச்சம்பழமும் இல்லை. அதே உறுமல், அதே நீலம்.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. எஞ்சின் ஆயில் கசிந்து பிளேட்டில் விழுந்தால் வழுக்கும் என்பதால் ஆயில் சீல் ரப்பரை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். மிதி பிடிப்பில்லாமல் சும்மா எவ்வளவு அமுங்குகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தேன். ஒரு விஷயம் மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. மிதி மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டினால் பிளேட்டை விலக்கிவிடுகிற பேரிங்தான் முதலில் தேய்ந்து கத்தும். இங்கே பேரிங் பொட்டி பிரித்த அன்று இருந்த மாதிரி இருக்கிறது, தட்டு மட்டும் கருகிக் கிடக்கிறது. அப்படியென்றால் யாரோ தினமும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் இந்தக் கிளட்சைப் போட்டு வாட்டுகிறார்கள். எங்கே, எப்போது என்றுதான் பிடிபடவில்லை. ரோடு சமம், ஊர் சமம், எங்கள் பக்கம் ஒரு மேடு பார்க்க வேண்டுமென்றால் ஓவர்பிரிட்ஜுக்குத்தான் போக வேண்டும்.

அண்ணாச்சிக்கு அந்த ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படவில்லை. வண்டி தயாரானதும் சாவி தன்னிடம்தான் இருக்கும், மருமகள் பஸ்ஸில் போகட்டும், முடியாவிட்டால் வேலையை விடட்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். கார் என் கொட்டகையில் கிடந்த நாட்களில் கவிதா பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும்தான் போய் வந்தார். தாமதமாகப் போனதற்குத் தலைமையாசிரியர் ஏற்கெனவே கேட்டுவிட்டாராம். ஒரு கோளாறைக் கண்டுபிடிக்கத் தெரியாத என்னால் ஒரு நல்ல டீச்சரின் வேலை போகப்போகிறதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வேலை முடிந்த அன்று கவிதா போன் செய்தார். காரை எடுக்க யாரையும் அனுப்பவில்லை, நீங்களே வீட்டுக்குக் கொண்டுவந்து விடுங்கள், சாயங்காலம் மாமா இருக்கிற நேரமாகப் பார்த்து வாருங்கள், வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போங்கள் என்றார். எதற்கு என்று கேட்டேன். அவர் சொன்னார்: "நான் சொன்னா அது மருமக பேச்சாப் போயிரும்ண்ணே. நீங்க பாத்துச் சொன்னா மெக்கானிக் சொன்னதாயிரும்."

மூஞ்சி தெருவைப் பார்த்து

அண்ணாச்சியின் புது வீட்டுக்கு நான் கிரகப்பிரவேசத்தன்று ஒருமுறை போயிருக்கிறேன். அன்றைக்குப் பந்தலும் வாழைமரமும் கம்பளமும்தான் கண்ணில் பட்டன. பிறகு கவனம் இலைக்குப் போய்விட்டது. இப்போது வெறும் வீட்டைப் பார்த்ததும் காரை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டேன்.

எதிர் வீடு அவருடைய தம்பி வீடு. பாகம் பிரித்தபோது பழைய வீடு தம்பிக்குப் போனது. முனிசிபாலிட்டி ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழசைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போனதில், அந்த வீட்டு வாசலும் ரோடும் ஒரே மட்டம். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று சொல்லி, அண்ணாச்சி தன் வீட்டுக்குப் பேஸ்மட்டத்தை ஆள் உயரத்துக்குத் தூக்கியிருந்தார். எங்கள் ஊரில் பெய்கிற மழைக்கு அவ்வளவு உயரம் தேவையில்லை. தம்பி பார்க்கிற பார்வைக்குத் தேவைப்பட்டிருக்கலாம். அண்ணன் தம்பிக்குப் பேச்சு நின்று வெகுகாலம் ஆகிறது. உயரத்துக்குத் தகுந்த நீளம் வாசலில் கிடையாது என்பதால், கார் ஏறுவதற்குப் போட்டிருந்த சிமெண்ட் சரிவு ஏணியைச் சாய்த்து வைத்தது மாதிரி நின்றது.

நான் நேராக மேலே ஏற்றலாம் என்று கியரைப் போட்டேன். அண்ணாச்சி கையைக் காட்டித் தடுத்துவிட்டார். வண்டி மூஞ்சி தெருவைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். காலையில் வியாபாரத்துக்குக் கிளம்பும்போது முதல் அடி பின்னால் வைக்கக் கூடாது. ஆகவே தினமும் சாயங்காலம் ரிவர்ஸில்தான் ஏற்றுவது. இந்தச் சரிவில் ஏற்றுவது பெண்களுக்குச் சரிப்படாது என்பதால், மருமகளைத் தெருவிலேயே இறங்கச் சொல்லிவிட்டு, குடிபோன நாளிலிருந்து அவரே ஏற்றுகிறார். என்னையும் இறங்கச் சொன்னார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி உட்கார்ந்தார். மேலே அவர் சம்சாரம், எங்களுக்கு மதினி, நின்றுகொண்டு வாங்க வாங்க என்றார். கார் பின்பக்கமாகப் பாதி ஏறியது. தூண் இடிக்கப்போகிறது என்றதும் அங்கேயே நின்றது. பிரேக்கில் நிற்கவில்லை. எஞ்சினை உறும விட்டு, கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டு, அந்தரத்தில் நின்றது. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், அப்படியே எதிர் வீட்டு ஜன்னலையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒரு முழம் ஏறினார், மறுபடி நின்றார். நான் அன்றைக்குக் காலையில்தான் மாட்டிய பிளேட், என் கண் முன்னால் கருக ஆரம்பித்தது. வாடை குப்பென்று வந்தது. கவிதா கேட்டைப் பிடித்துக்கொண்டு காரைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். நான் மதினியிடம் இது என்ன வாடை என்று கேட்டேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "தெனமும் இந்நேரத்துக்கு வர்ற வாடைதான் தம்பி. நம்ம வண்டி வர்றதப் பாத்து எதுத்த வீட்டுல என்னத்தையோ போட்டு எரிக்கிறாக."

எதிர் வீடு

காபி வந்தது. நான் குடிப்பதற்கு முன்னால் அண்ணாச்சியைக் காருக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், குனிந்து மோந்து பார்க்கச் சொன்னேன். அவர் குனிந்தார். நிமிர நேரமாயிற்று. எதிர் வீட்டில் அப்போது அடுப்புகூட எரியவில்லை, தம்பி வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

சரிவை நீட்டினால் சரியாகிவிடும் என்றேன். நீட்டினால் அது தெருவைத் தாண்டித் தம்பி வாசலில் போய் முட்டும். முன்பக்கமாக ஏற்றுங்கள் என்றேன். காலையில் முதல் அடி பின்னடியாகிவிடும். ராத்திரி தெருவிலேயே நிற்கட்டும் என்றேன். இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிவிட்டு வண்டியைத் தெருவில் போட்டால் ஊர் என்ன சொல்லும் என்றார். வீட்டை இறக்க முடியுமா என்று என்னையே கேட்டார். எனக்குத் தெரிந்த எந்த ஸ்பேனராலும் அது முடியாது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் கவிதா பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"அப்ப கிளட்சு போனது என் காலால இல்லைல்ல மாமா?"

அண்ணாச்சி குடிக்கத் தண்ணீர் கேட்டார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளாமல், ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போனார். கவிதா அதை எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அதற்கப்புறம் வெகுநாள் கார் என் கொட்டகைக்கு வரவே இல்லை. வேறு மெக்கானிக்கிடம் போய்விட்டார்கள் என்று தங்கராசு அடித்துச் சொன்னான். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பிறகு ஒருநாள் மண்டிப் பக்கம் போனபோது அண்ணாச்சியே கூப்பிட்டுப் பேசினார், முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. கிளட்ச் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பஞ்சு மூட்டை மேல் கையை ஊன்றிக்கொண்டு பெருந்தன்மையாகச் சொன்னார்: "கடைசியாப் போட்டீக பாருங்க, அதான் தம்பி, பிளேட்டு. அத மொதல்லயே போட்டிருக்கலாம்ல?"

ஆயில் மாற்ற கவிதா வந்தபோதுதான் முழு விவரமும் தெரிந்தது. கார் இப்போது ராத்திரியில் நிற்பது சின்ன மாமனார் வீட்டில். அங்கே கார் நிறுத்த இடம் உண்டு, கார் கிடையாது. வாசல் ரோட்டோடு ரோடாக இருப்பதால் ஒரு உறுமல் இல்லாமல் பின்பக்கமாக உள்ளே போய், மூஞ்சி தெருவைப் பார்த்தே நிற்கிறது. சின்ன மாமியாரிடம் கேட்டது கவிதாதான். அவர் ஒரு வார்த்தை மறு பேச்சில்லாமல் கேட்டைத் திறந்துவிட்டாராம். அண்ணாச்சியிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அவரும் எங்கே நிற்கிறது என்று இதுவரை கேட்கவில்லை. காலையில் மருமகள் எதிர் வீட்டிலிருந்து காரை எடுத்து வந்து சரிவுக்குக் கீழே நிறுத்துவார், அண்ணாச்சி இறங்கி வந்து இடது பக்கம் உட்கார்ந்துகொள்வார். முதல் அடி முன்னால்தான்.

பழைய ஆயில் வடிகிறவரை பேசிக்கொண்டிருந்தோம். அப்படியென்றால் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். கவிதா சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே சிரித்தார். முதல் தடவையாக அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"மாமா அந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டாகண்ணே. சாவிய வச்சுக்கிட்டு அவுக என்ன செய்யப் போறாக?"

ஒரு நல்ல கிளட்ச் வாடிக்கை இப்படிக் கைவிட்டுப் போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை; அருப்புக்கோட்டையில் எழும்புகிற ஒவ்வொரு புது வீடும் எதிர் வீட்டைவிட ஒரு படி உயரமாகத்தான் எழும்பிக்கொண்டிருக்கிறது என்பதால், கிளட்ச் மாற்றுகிறவன் இந்த ஊரில் பட்டினி கிடக்கப்போவதில்லை.